நிகழ்வுக்குப் பிந்தைய நிலை

வெள்ளிக்கிழமை மாலைச் சங்கு ஊதி அடங்குவதற்குள் ஹெம்தாவின் வீட்டுக் கதவு இடிபட்டது. ஜெருசலேமில் அந்தச் சங்கு ஊதினால் கடைகள் சாத்திக்கொள்ளும், தெருவில் கார்கள் குறையும், வீடுகளில் விளக்கேற்றிவிடுவார்கள். ஓய்வுநாள் தொடங்குகிற நேரத்தில் யாரும் யார் வீட்டுக் கதவையும் இடிப்பதில்லை.

சூப் கிளறிக்கொண்டிருந்த ஹெம்தா, கரண்டியும் கையுமாகப் போய்த் திறந்தாள். வாசலில் கறுப்பு அங்கி அணிந்த ஒருவர் மூச்சு வாங்க நின்றிருந்தார். ஓய்வுநாளுக்காகக் குளித்த ஈரம் இன்னும் தாடியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"இங்கிலீஷ்ல எழுதிக் குடுக்கிற அம்மா நீங்கதானே?"

"நான்தான். ஆனா சங்கு ஊதிடுச்சேய்யா."

"சூரியன் இறங்க இன்னும் கொஞ்சம் இருக்கும்மா. ஓடி வந்தேன், ஓடியே போயிடுவேன். கதவைச் சாத்திடாதீங்க, திறந்தே இருக்கட்டும்."

சொந்தமில்லாத பெண்ணோடு சாத்திய கதவுக்குள் நிற்பது அவரைப் போன்ற ஆசார யூதர்களின் வழக்கத்தில் கிடையாது. ஹெம்தாவுக்கு இது புதிதும் அல்ல. கதவுக்கு முட்டுக் கொடுப்பதற்கென்றே ஒரு பழைய இரும்பு இஸ்திரிப் பெட்டியை வாசலில் வைத்திருந்தாள். அதைக் காலால் தள்ளிவிட்டு உள்ளே வரச் சொன்னாள்.

அவர் பெயர் ஆஷேர். நாலு தெரு தள்ளித் தொப்பிக் கடை வைத்திருந்தார். அந்தப் பேட்டையில் நசுங்கிப்போகிற கறுப்புத் தொப்பிகளெல்லாம் அவர் கையால்தான் ஆவி குடித்து நிமிர்ந்தன. அங்கிக்குள்ளிருந்து இரண்டு தாள்களை எடுத்து, அவள் கையில் கொடுக்காமல் மேஜைமேல் வைத்தார்.

"என் பொண்ணு ரைஸல். லண்டன்ல சம்பந்தம் முடிவாயிருக்கு. நல்ல குடும்பம். போன மாசம் அவ ஒரு கல்யாணத்துல ஆடிக்கிட்டிருந்தப்ப கீழ விழுந்துட்டா. எந்த வாயோ அதை லண்டன் வரைக்கும் கொண்டுபோயிடுச்சு. பையனோட அம்மா ஆஸ்பத்திரிக் காகிதத்தை இங்கிலீஷ்ல அனுப்பச் சொல்றாங்க. அவங்க டாக்டர் பார்க்கணுமாம்."

"என்ன வந்துச்சு பொண்ணுக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. சாப்பிடாம ஆடினா. சும்மா மயக்கம்."

"சும்மா மயக்கத்துக்கா ஆஸ்பத்திரியில ரெண்டு பக்கம் எழுதியிருக்காங்க?"

"டாக்டருங்களுக்கு எழுதறதைத் தவிர வேற என்னம்மா வேலை?" என்று சுவரைப் பார்த்துச் சிரித்தார். டாக்டரிடம் சந்தேகம் கேட்டுக்கொள்ள அவளுக்கு அனுமதி தரும் சீட்டில், படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரேன். ஓய்வுநாள்ல இதுக்காகப் பேனாவைத் தொட்டுடாதீங்க, அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்." படிகளில் தடதடவென்று இறங்கி ஓடினார்.

சூப் அடிப்பிடித்திருந்தது.

ஹெம்தா இங்கிலாந்தில் பிறந்து, பள்ளிக்கூட வயதில் பெற்றோரோடு ஜெருசலேமுக்கு வந்தவள். இரண்டு மொழியும் தாய்மொழி. வெளிநாட்டு டாக்டர்களிடம் கருத்துக் கேட்கிற குடும்பங்களுக்கு மருத்துவக் காகிதங்களை ஹீப்ருவிலிருந்து இங்கிலீஷுக்கு மாற்றிக் கொடுப்பது அவள் பிழைப்பு. நோய்களின் பெயர்கள் அவளை ஒருநாளும் சிரமப்படுத்தியதில்லை. அவை எந்த மொழியிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பெயரைச் சொல்லாமல் சுற்றி வளைத்து எழுதுகிற இடங்களில்தான் அவள் பேனா நின்றுவிடும். மூளையில் கட்டி என்று எழுதக் கை வராத டாக்டர், 'இடம் பிடித்துக்கொண்டிருக்கும் ஏதோ ஒன்று' என்று வீட்டுக்கு வாடகைக்கு வந்தவனைப் பற்றி எழுதுவதுபோல எழுதுவார். புற்றுநோயை 'அடிப்படை நோய்' என்பார். அதைப் படித்து நோயாளி நிம்மதியாகத் தூங்குவான். அதே வரியைப் படித்து அமெரிக்காக்காரன் என்ன இது என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வான்.

இதற்காக அவள் ஒரு வழி வைத்திருந்தாள். மூலத்தில் மங்கலாக இருப்பதை இங்கிலீஷிலும் மங்கலாகவே எழுதுவாள். தானாக விளக்கு ஏற்றமாட்டாள். ஆனால் பக்கத்தில் சதுர அடைப்புக்குள், 'மூலத்தில் தெளிவில்லை, எழுதிய மருத்துவரைக் கேட்கவும்' என்று ஒரு குறிப்புப் போடுவாள். அந்தக் குறிப்பைப் போடாமல் அவள் எந்தக் காகிதத்தையும் வெளியே விட்டது கிடையாது.

ரைஸலின் காகிதத்தில் அப்படி இரண்டு இடம் இருந்தது. நோய் என்ன என்று எழுத வேண்டிய இடத்தில், 'நினைவிழப்புடன் கூடிய நிகழ்வுக்குப் பிந்தைய நிலை.' சிகிச்சை என்ற இடத்தில், 'நேரில் விளக்கியபடி.' மாத்திரையின் பெயர்கூட இல்லை.

ஞாயிறு காலை கையெழுத்திட்ட டாக்டருக்குப் போன் போட்டாள். டாக்டர் ஓரென் அவளுக்குப் பழக்கம்தான். மருத்துவ மாநாடுகளுக்குப் போகிற அவருடைய கட்டுரைகளின் இங்கிலீஷைத் திருத்தித் தருவது அவள்தான்.

"ஓரென், அதென்ன 'நிகழ்வு'? கல்யாணமா, கச்சேரியா?"

"வாரத்தோட முதல் நாள் காலையிலயே உன் வாயில விழணும்னு என் தலையெழுத்து, ஹெம்தா."

"தெளிவா எழுதியிருந்தா விழுந்திருக்க மாட்டீங்க. தொப்பிக் கடை ஆஷேரோட பொண்ணு. என்ன நிகழ்வு?"

எதிர்முனையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. கதவைச் சாத்திவிட்டு வந்தார் போலிருந்தது.

"வலிப்பு. மூளை அலைப் பதிவுல பளிச்சுனு தெரியுது. விழுந்தது இது முதல் தடவையும் இல்ல. அந்த மனுஷன் என் மேஜை முன்னாடி நின்னு குழந்தை மாதிரி அழுதாரு. வலிப்புன்னு ஒரு வார்த்தை காகிதத்துல ஏறினா இவளுக்கும் கல்யாணம் கிடையாது, இவளுக்குப் பின்னாடி நிக்கிற தங்கச்சிங்களுக்கும் கிடையாதுன்னாரு. அவங்க உலகம் உனக்குத் தெரியுமே. நான் பொய் எழுதல. நிகழ்வுன்னு எழுதினேன். நிகழ்ந்துச்சா இல்லியா?"

"அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

"சத்து மாத்திரைன்னு சொல்லிக் குடுக்கறாங்க. ஆனா அவ அம்மாவை, கிட்டல்னு பேரு, உட்கார வெச்சுத் திரும்பத் திரும்பச் சொல்லிட்டேன். தனியா தொட்டியில குளிக்க விடாதீங்க, குளிக்கிறப்ப உள்தாழ்ப்பாள் போட விடாதீங்க. இதுல சாவறவங்கள்ல நிறையப் பேர் தண்ணியிலதான் சாவறாங்க. அந்தம்மா புரிஞ்சுதுன்னு தலையாட்டினாங்க. எழுதலையே தவிர எல்லாத்தையும் சொல்லிட்டேன், ஹெம்தா."

"லண்டன் டாக்டர்கிட்ட நீங்க சொல்லலையே."

"அவர் கேட்டா சொல்றேன். அதுக்குத்தான் நீ உன் சதுர அடைப்பைப் போடுவியே."

சொன்னபடியே மத்தியானம் ஆஷேர் வந்தார். இந்த முறை அவரே இஸ்திரிப் பெட்டியைக் கதவுக்கு நகர்த்தினார். மேஜைமேல் இருந்த இங்கிலீஷ்த் தாளைக் குனிந்து பார்த்தார். ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாது. ஆனால் தொப்பி விளிம்பில் மயிரிழை கோணினாலும் கண்டுபிடிக்கிற கண் அவருக்கு.

"இந்தப் பெட்டி என்னம்மா? நம்ம காகிதத்துல இது இல்லையே."

"தெளிவில்லாத இடம்னு குறிப்பு. டாக்டரைக் கேட்டுக்கங்கன்னு போட்டிருக்கேன். யாருக்கு எழுதினாலும் போடுவேன்."

"இது விரல் நீட்டிக் காட்டற மாதிரியில்ல இருக்கு!" அவர் முகம் வெளுத்துவிட்டது. "டாக்டர் எழுதினதை மட்டும்தானே நீங்க எழுதணும்?"

"ஐயா, நான் அவர்கிட்ட பேசிட்டேன்."

ஆஷேர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். மாடிப்படியில் யாரோ ஏறிப்போனார்கள். காலடி மறையும்வரை காத்திருந்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"என் கடைக்கு நசுங்கின தொப்பி வரும்மா. ஆவி காட்டி, நேராக்கி, துடைச்சுக் குடுப்பேன். எங்க நசுங்குச்சுன்னு தொப்பி மேல சீட்டு ஒட்டி அனுப்பறதில்ல."

"தொப்பிக்கு உசிர் கிடையாது."

"என் பொண்ணு உசிர் உங்களுக்குத்தான் பெருசா, எனக்கு இல்லையா? அவ அம்மா ராத்தூக்கம் தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா? அவ மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே படுத்திருக்கா."

"தொட்டியில தனியாக் குளிக்கக் கூடாதுன்னு டாக்டர்..."

"எங்க வீட்ல ஏதும்மா தொட்டி? இருக்கிறது ஒரு வாளி." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மறைச்சே வெச்சிருக்கப் போறதில்ல. கல்யாணம் ஆகட்டும், நாங்களே சொல்லிடறோம். அவங்க வீட்டுப் பொண்ணுன்னு ஆனப்புறம் யாரும் தள்ளிவிட மாட்டாங்க. இப்பச் சொன்னா, பார்க்கறதுக்கு முன்னாடியே கதவைச் சாத்திடுவாங்க. ஒரு வரிம்மா. அந்தப் பெட்டி மட்டும். நீங்க பொய் சொல்ல வேண்டாம். சும்மா இருந்தாப் போதும்."

ஹெம்தா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடைப்பை எடுத்துவிட்டால் மிஞ்சுவது டாக்டர் எழுதிய வரிதான். ஒரு சொல் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. எந்த நீதிமன்றத்திலும் அவளைக் குறை சொல்ல முடியாது. முகம் பார்த்திராத ஒரு பெண்ணின் கல்யாணம் தன் மேஜையில்தான் முறிந்தது என்ற பேர் தனக்கெதற்கு என்றும் தோன்றியது. எடுத்துவிட்டாள். புதிய தாள் அச்சாகி வரும்வரை ஆஷேர் உதடசைத்துப் பிரார்த்தனை செய்துகொண்டிருந்தார்.

பத்து நாள் கழித்து லண்டனிலிருந்து போன் வந்தது.

"நான் ப்ளைமே பேசறேன், நஃப்தாலியோட அம்மா. ரைஸல் எங்க வீட்டுக்கு வரப்போற பொண்ணு. காகிதத்துல கீழ உங்க பேரும் நம்பரும் இருந்துச்சு, அதான்." குரலில் கொஞ்சம் கூச்சம் இருந்தது. பின்னணியில் தண்ணீர் கொட்டுகிற சத்தமும், அதற்குமேல் ஓர் ஆண்குரல் சொல் இல்லாத ராகத்தை நீட்டி முழக்குவதும் கேட்டன.

"சொல்லுங்கம்மா. யாரோ பாடறாங்க போல."

"பையன்தான், குளிக்கறான். கழுதைக்குக்கூட இதைவிட நல்ல குரல் இருக்கும், என்ன பண்றது, பெத்தாச்சு." சிரித்தாள். "ஹெம்தாம்மா, இந்த 'நிகழ்வு'ன்னு போட்டிருக்கே, அப்படின்னா என்ன? எங்க டாக்டர் பார்த்துட்டு, எதுவா வேணா இருக்கலாம்னு சொல்லிட்டாரு."

"ஹீப்ருவில எப்படி இருக்கோ அப்படியே எழுதியிருக்கேன்."

"அது சரி. நீங்க அந்த டாக்டரை விசாரிச்சிருப்பீங்களோன்னு... எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லலாம். பொண்ணை வேண்டாம்னு சொல்றதுக்காகக் கேக்கல. சத்தியமா."

எல்லா மாமியாரும் இப்படித்தான் தேன் தடவிக் கேட்பார்கள் என்று ஹெம்தா நினைத்துக்கொண்டாள். இந்தப் பேட்டையை ஒட்டி இத்தனை வருஷம் குடியிருந்தவளுக்கு, பெண் வீட்டைப் பற்றித் துருவி விசாரிக்கிற குரல்கள் அத்தனையும் அத்துப்படி. பதிலுக்கு வாயைத் திறந்தபோது எதிர்முனையில் பாட்டு நின்றது.

"நஃப்தாலி!" ப்ளைமே போட்ட சத்தத்தில் ஹெம்தா போனைக் காதிலிருந்து விலக்கினாள். "நஃப்தாலி, பாடு!"

ராகம் மறுபடி கிளம்பியது.

"மன்னிச்சுக்கங்க. நீங்க ஏதோ சொல்ல வந்தீங்க."

"ஒண்ணுமில்லம்மா. காகிதத்துல இருக்கறதுக்கு மேல எனக்கு எதுவும் தெரியாது."

"ஓ." பின்னால் ராகம் நீண்டுகொண்டிருந்தது. "வெறும் நிகழ்வுதான். சரி. நல்லது." அப்படிச் சொன்ன குரலில் நிம்மதி இல்லாமல் ஏதோ ஏமாற்றம் இருந்ததுபோலிருந்தது. துப்புக் கிடைக்காத ஏமாற்றம் என்று ஹெம்தா எடுத்துக்கொண்டாள்.

குளிர்காலம் வந்தது. ஹனுக்கா விளக்குத் திருநாள் முடிந்த அடுத்த வாரம் கல்யாணம் என்று ஆஷேர் அழைப்பிதழைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போயிருந்தார். ஹெம்தா அதைக் குளிர்பெட்டிமேல் ஒட்டிவைத்தாள். போகலாமா, என்ன பரிசு வாங்கலாம் என்றெல்லாம் யோசித்தாள்.

கல்யாணத்தன்று காலை, தெருவில் ஒலிபெருக்கிக் கார் வந்தது. அந்தப் பேட்டையில் யார் செத்தாலும் அந்தக் கார்தான் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போகும். தினமும் கேட்பதுதான். ஹெம்தா காதில் போட்டுக்கொள்ளாமல் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"...மணப்பெண் ரைஸல், தொப்பிக் கடை ஆஷேரின் மகள்... ஊர்வலம் பன்னிரண்டு மணிக்கு..."

கார் முனை திரும்பியது. அதே வரியை அடுத்த தெருவில் திரும்பச் சொன்னது. அதற்கடுத்த தெருவிலும்.

அவள் ஊர்வலத்துக்குப் போனாள். பெண்கள் பக்கத்தில், கூட்டத்தின் கடைசியில் நின்றாள். தூரத்தில் ஆஷேர் தெரிந்தார். அவர் தொப்பி கீழே விழுந்து, யாரோ மிதித்து, தட்டையாகக் கிடந்தது. அவர் அதை எடுக்கவில்லை. என்ன ஆயிற்று என்று ஹெம்தா யாரையும் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் வரவில்லை.

துக்க வாரத்தின் கடைசியில் அவள் வீட்டுக் கதவை யாரோ மெல்லத் தட்டினார்கள். கறுப்புத் தலைத்துணி கட்டிய, உயரமான பெண்மணி. காலடியில் பயணப் பெட்டி.

"நான் ப்ளைமே. சாயங்காலம் விமானம். உள்ள வரலாமா?"

ஹெம்தா வழிவிட்டாள். வந்தவள் பெண்தானே, இஸ்திரிப் பெட்டியை நகர்த்திக் கதவைச் சாத்தினாள். தேநீர் வேண்டுமா என்று கேட்டதற்கு ப்ளைமே கையை ஆட்டி மறுத்தாள்.

"டீப் பேச்சே வேண்டாம். அன்னிக்கும் டீதான் குடுத்தாங்க." நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். "கல்யாணத்துக்கு முந்தின நாள் பொண்ணைச் சடங்கு முழுக்குக்குன்னு இருக்கிற கூடத்துக்குக் கூட்டிட்டுப் போவோம்ல. கிட்டல் கூப்பிட்டா, நானும் போனேன். ரெண்டு அம்மாவும் கூட இருந்தா நல்லதுன்னு. முழுக்குப் போடுறப்ப பக்கத்துல ஆள் நிப்பாங்க. ஆனா அதுக்கு முன்னாடி தனி அறையில, தொட்டியில ஊறித் தேய்ச்சுக் குளிக்கணுமே. அங்க யாரும் இருக்கறதில்ல. பொண்ணு உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா. நாங்க வெளிய உட்கார்ந்திருந்தோம்."

ஹெம்தா நின்றுகொண்டே கேட்டாள். இருக்கிறது ஒரு வாளி என்று ஆஷேர் சொன்னது ஞாபகம் வந்தது. அந்த அறையைப் பற்றி அவருக்கு எங்கே தெரிந்திருக்கும்? ஆண்கள் காதில் விழாத பேச்சு அது.

"தண்ணி விழுற சத்தம் கேட்டுது. அப்புறம் நின்னுடுச்சு. கிட்டல் எழுந்து நின்னா. என்னைப் பார்த்துட்டு உட்கார்ந்தா. மறுபடி எழுந்தா. கதவுவரைக்கும் போனா. கையைக்கூடத் தூக்கிட்டா. நான்தான் சொன்னேன், 'என்னங்க சம்பந்தி அவசரம், பொண்ணு ஆசையா, நிதானமாக் குளிக்கட்டுமே'ன்னு." ப்ளைமேயின் கைகள் மடியில் ஒன்றையொன்று பிசைந்தன. "என்னைப் பார்த்துச் சிரிச்சா. திரும்பி வந்து உட்கார்ந்துட்டா. டீயை எடுத்துக் குடிச்சா. பாதி டீ அவ மேலயே சிந்துச்சு. நான் பொண்ணு கல்யாணப் படபடப்புன்னு நினைச்சேன்."

வெளியே குழந்தைகள் பந்து விளையாடுகிற சத்தம் கேட்டது. ஹெம்தா சன்னலைச் சாத்தினாள்.

"கிட்டல் எதுவும் பேச மாட்டேங்கறா. துக்க வீட்ல தரையில உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கிட்டிருக்கா. அவ எதுக்குக் கையைத் தூக்கினா, எதுக்குத் தட்டாம விட்டான்னு தெரியாம நான் விமானம் ஏற முடியாது. உங்களை மறுபடி கேக்கறேன். அந்த நிகழ்வு என்ன?"

"வலிப்பு," என்றாள் ஹெம்தா.

அந்தக் காகிதத்துக்கு உரிய சொல் அவள் வாயிலிருந்து அப்போதுதான் முதன்முதலாக வெளியே வந்தது. ப்ளைமே கண்ணை மூடிக்கொண்டாள்.

"நான் போன் பண்ணினப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். நீங்க சம்பந்தத்தை முறிச்சுடுவீங்கன்னு பயந்தாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன்."

ப்ளைமே எழுந்தாள். பெட்டியின் பிடியைப் பற்றினாள். கதவருகே போய், அதைத் திறக்காமல், மரத்தின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அன்னிக்கு போன்ல என் பையன் பாடினது கேட்டுச்சே, அந்தப் பாட்டு நின்னா கதவை உடைச்சுக்கிட்டு உள்ள போயிடணும்னு எங்க டாக்டர் எனக்குச் சொல்லி வெச்சிருக்காரு."